அந்த நாற்காலியில் நீங்கள் இருந்ததால் என்ன நடந்தது?

கேள்வி: ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதலில் குழந்தை, பிறகு அம்மாவின் உடல்நிலை என்று மூன்று ஆண்டுகள் வேலையில் இல்லை. இப்போது மறுபடி தேடுகிறேன். அறுபது இடங்களுக்கு மேல் ரெஸ்யூமே அனுப்பிவிட்டேன். ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. டிசைன் பழசாக இருக்கிறது, பணம் கொடுத்து அழகாகச் செய்துகொள் என்கிறார் தோழி. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே தள்ளிவிடுகிறது என்கிறார் உறவினர். அந்த மூன்று வருடத்தை மறைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால், எழுதிக்கொள்ளும்படி என்னிடம் சாதனை எதுவும் இல்லை. ஒழுங்காக வேலை பார்த்தேன், அவ்வளவுதான். ரெஸ்யூமேவையும் இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் ரெஸ்யூமேவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டையும் எழுதியவர் ஒருவர்தான் என்று நம்புவது கஷ்டம். கடிதத்தில் இருப்பவரை நான் உடனே இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவேன். ரெஸ்யூமேவில் இருப்பவர் யார் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பாருங்கள். கடிதத்தின் நடுவே, இங்கே இடம் கருதிச் சுருக்கிவிட்ட ஒரு பத்தியில், போகிற போக்கில் மூன்று விஷயங்கள் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சேர்ந்த சமயத்தில் மாதக் கணக்கை மூட, அதாவது ஒரு மாதத்தின் வரவு செலவை எல்லாம் சரிபார்த்து முடிக்க, பத்து நாள் ஆகிக்கொண்டிருந்தது, நீங்கள் விலகும்போது ஆறு நாளில் முடிந்துகொண்டிருந்தது. ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விடும் தொல்லை இருந்தது, அதைப் பிடிக்க எக்செல்லில் ஒரு ஷீட் போட்டீர்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு நீங்கள்தான் வேலை சொல்லிக் கொடுத்தீர்கள். இதையெல்லாம் எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே “சாதனை எதுவும் இல்லை” என்கிறீர்கள்!

ரெஸ்யூமேவில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக இருப்பது இது: “கணக்குப் பிரிவின் அன்றாடப் பணிகளுக்குப் பொறுப்பு வகித்தேன். பில்களைச் சரிபார்த்தல், வங்கிக் கணக்கு ஒப்பீடு, மாத அறிக்கைகள் தயாரித்தல்.” இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் இதே வரியை அப்படியே எழுதலாம். இப்போது உட்கார்ந்திருப்பவரும் எழுதலாம். அவர்கள் திறமைசாலியா, சோம்பேறியா என்பது இந்த வரியில் தெரியாது.

ரெஸ்யூமேவின் ஒவ்வொரு வரியையும் இந்த ஒரு கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: அந்த நாற்காலியில் வேறு யாரும் இல்லாமல் நீங்கள் இருந்ததால் என்ன நடந்தது? பதில் சொல்லும் வரி இருக்கட்டும். சொல்லாத வரியை மாற்றி எழுதுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். டிசைன், கம்ப்யூட்டர், இடைவெளி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

உங்கள் வரிகளையே எடுத்துக்கொள்வோம். “மாத அறிக்கைகள் தயாரித்தல்” என்பதை இப்படி எழுதலாம்: “மாதக் கணக்கு மூடும் காலத்தைப் பத்து நாளிலிருந்து ஆறு நாளாகக் குறைத்தேன், வங்கிக் கணக்கு ஒப்பீட்டை மாதக் கடைசிக்கு விடாமல் வாரந்தோறும் முடித்ததால் இது சாத்தியமானது.” வாரந்தோறும் என்பது என் ஊகம். ஆறு நாளாக எப்படிக் குறைந்தது என்று நீங்கள் எழுதவில்லை. உண்மையில் எப்படி நடந்தது என்று யோசித்து அந்த இடத்தில் அதை எழுதுங்கள். “எப்படி” என்கிற அந்தப் பாதிதான் முக்கியம். எண்ணை யார் வேண்டுமானாலும் போடலாம். எப்படி என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும், இன்டர்வியூவில் முதல் கேள்வியும் அதிலிருந்துதான் வரும்.

“பில்களைச் சரிபார்த்தல்” என்பது இப்படி ஆகலாம்: “ஒரே பில்லுக்கு இரு முறை பணம் செலுத்தப்படுவதைத் தடுக்க, சப்ளையர் பெயர், பில் எண், தொகை மூன்றையும் ஒப்பிட்டு எச்சரிக்கும் எக்செல் ஷீட்டை உருவாக்கினேன். பணம் அனுப்புவதற்கு முன் அதில் சரிபார்ப்பது பிரிவின் வழக்கமான நடைமுறையானது.” இதில் பெரிய எண் எதுவும் இல்லை, கவனித்தீர்களா? எண் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஒரு தொல்லை இருந்தது, அதை ஒருவர் கண்டுபிடித்தார், ஒரு வழி செய்தார், அந்த வழியை மற்றவர்களும் பின்பற்றினார்கள். கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடும் மேலாளர் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார். அவர் அலுவலகத்திலும் அதே தொல்லை இருக்கும்.

கூகுளில் பல ஆண்டுகள் மனிதவளத் துறையைத் தலைமையேற்று நடத்திய லாஸ்லோ போக், 2014இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஓர் எளிய அச்சு கொடுத்தார்: எதைச் சாதித்தீர்கள், அது எதனால் அளக்கப்பட்டது, எதைச் செய்து அதைச் சாதித்தீர்கள். இந்த மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும் என்பார். எல்லா வரியையும் இப்படி எழுத முடியாது, எழுதினால் படிக்கவும் சலிக்கும். ஒவ்வொரு வேலையின் கீழும் முதல் இரண்டு மூன்று வரிகளாவது இப்படி இருந்தால் போதும். எதை அளப்பது என்று தெரியவில்லை என்றால், சாதாரண அளவுகளை யோசியுங்கள்: மாதத்துக்கு எத்தனை பில் உங்கள் கையில் வந்தது, எத்தனை சப்ளையர், எத்தனை கிளைகளின் கணக்கு, தணிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளுக்கு எவ்வளவு சீக்கிரம் ஆவணம் எடுத்துக் கொடுத்தீர்கள். எல்லாமே அளவுதான். வேலையின் பரப்பு தெரிந்தாலே, படிப்பவர் உங்களைத் தன் அலுவலகத்தில் வைத்துக் கற்பனை செய்து பார்ப்பார்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். சரியாக நினைவில்லை என்றால் “சுமார்” போடுங்கள், அதுவும் நிச்சயமில்லை என்றால் எண்ணே வேண்டாம். அடுத்தது, பழைய நிறுவனத்தின் ரகசியத்தை வெளியே கொண்டுவராதீர்கள். அவர்களுடைய விற்றுமுதல், வாடிக்கையாளர் பெயர்கள், லாப விவரம் எதுவும் ரெஸ்யூமேவில் வரக்கூடாது. கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் அதை எழுதியிருந்தால், நாளைக்கு நம் விஷயத்தையும் இப்படித்தான் எழுதுவார் என்று தோன்றிவிடும்.

சரி, இப்போது ரெஸ்யூமேவின் முதல் பக்கத்துக்கு வருவோம். உங்களுடையது மூன்று பக்கம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘குறிக்கோள்’, அதன் கீழ் முழு முகவரி, பிறந்த தேதி, திருமண நிலை, பொழுதுபோக்குகள், பள்ளிக்கூட மதிப்பெண்கள். ஆறு ஆண்டு வேலை இரண்டாம் பக்கத்தின் பாதியில்தான் தொடங்குகிறது. அங்கே போய்ச் சேரும் வரைக்கும் படிப்பவருக்குப் பொறுமை இருக்குமா?

லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் தேர்வு செய்பவர்களின் பார்வை ரெஸ்யூமே பக்கத்தில் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முதல் பார்வைக்கு ஒரு ரெஸ்யூமேவில் அவர்கள் செலவழித்தது சராசரியாக ஆறு விநாடி. 2018இல் திரும்பச் செய்தபோது அது 7.4 விநாடி. இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது “தள்ளி வைக்கலாமா, மேலே படிக்கலாமா” என்று முடிவு செய்யும் முதல் பார்வை மட்டுமே. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, கண் எங்கே நின்றது என்பது. பெயர், கடைசியாகப் பார்த்த வேலையும் நிறுவனமும், அதற்கு முந்தைய வேலை, தொடங்கிய முடிந்த தேதிகள், படிப்பு. பெரும்பாலான நேரம் இவற்றுக்கே போனது. உங்கள் முதல் பக்கத்தில் இவற்றில் பெயரும் படிப்பும்தான் இருக்கின்றன.

ஆகவே பக்கத்தைத் திருப்பிப் போடுங்கள். மேலே பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், வசிக்கும் ஊர். கதவு எண், தெருப் பெயர் தேவையில்லை. அதன் கீழ் இரண்டு மூன்று வரியில் உங்களைப் பற்றிய சுருக்கம். அடுத்து வேலை அனுபவம், கடைசி வேலை முதலில். பிறகு திறன்கள், படிப்பு. ஆறு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம் போதும், இரண்டு பக்கத்தைத் தாண்டவே கூடாது. கல்வித்துறை, ஆராய்ச்சி வேலைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே கேட்கப்படுவது கட்டுரைகள், மாநாடுகள், கற்பித்த பாடங்கள் எல்லாம் அடங்கிய நீண்ட சி.வி., அது எத்தனை பக்கம் போனாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பிறந்த தேதி, திருமண நிலை, மதம் இவற்றை எடுத்துவிடுங்கள். வேலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பார்ப்பவர் மனத்தில் தேவையில்லாத ஒரு கணக்கை ஓடவிடத்தான் அவை பயன்படும், குறிப்பாகப் பெண்களின் ரெஸ்யூமேவில். புகைப்படம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படம் வைக்காமல் இருப்பதுதான் வழக்கம், பாகுபாடு என்ற புகாருக்கு இடம் கொடுக்காமல் இருக்க நிறுவனங்களே அதை விரும்புவதில்லை. ஜெர்மனியில் நெடுங்காலமாகப் படம் வைப்பது பழக்கம், இப்போது கட்டாயமில்லை. விளம்பரத்தில் கேட்டிருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். பள்ளி மதிப்பெண்களும் ஆறு வருட அனுபவத்துக்குப் பிறகு அவசியமில்லை.

‘குறிக்கோள்’ பகுதி எனக்கு எப்போதுமே வருத்தம் தருவது. “முன்னேற்றத்துக்கு வாய்ப்புள்ள சிறந்த நிறுவனத்தில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அது சொல்கிறது. படிப்பவருக்குத் தெரிய வேண்டியது, நீங்கள் வந்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பது. அந்த இடத்தில் இப்படி வைத்துப் பாருங்கள்: “கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டு அனுபவம். சப்ளையர் பில்கள், வங்கிக் கணக்கு ஒப்பீடு, மாதக் கணக்கு மூடல் ஆகியவற்றை முழுமையாகக் கையாண்டவர். பிழைகளை முன்கூட்டியே பிடிக்கும் சரிபார்ப்பு முறைகளை உருவாக்குவதில் தேர்ச்சி.” கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றக்கூடியவர், விரைவில் கற்றுக்கொள்பவர் என்ற அடைமொழிகள் வேண்டாம். எல்லோரும் போடுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. நீங்கள் விரைவில் கற்பவர் என்பது, எந்தக் கணக்கு மென்பொருளுக்கு எவ்வளவு நாளில் மாறினீர்கள் என்ற வரியில் தானாகத் தெரியட்டும்.

இந்தச் சுருக்கத்தை ஒருமுறை எழுதி அறுபது இடத்துக்கும் அனுப்பக்கூடாது. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது அந்த அறுபது என்கிற எண்தான். எல்லா இடத்துக்கும் ஒரே கோப்புதான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் எந்தக் குறிப்பிட்ட வேலையின் சாயலும் இல்லை.

லியோனார்டோ டா வின்சி சுமார் 1482இல் மிலானின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. உலகின் முதல் ரெஸ்யூமே என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பட்டம் பொருந்துமோ இல்லையோ, கடிதம் படிக்க வேண்டியது. எழுதியவர் ஓவியர். ஆனால் கடிதம் நெடுகப் பேசுவது போரைப் பற்றி: எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள், மூடிய ரதங்கள். அமைதிக் காலத்தில் கட்டடம் கட்டுவேன், சிற்பம் செய்வேன், ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. ஏன் என்றால், அந்த ஆட்சியாளருக்கு அப்போது தேவைப்பட்டது போர்ப் பொறியாளர். முடிக்கும்போது, இவற்றில் எதுவாவது நடக்காது என்று தோன்றினால் உங்கள் பூங்காவிலேயே செய்து காட்டுகிறேன் என்கிறார். தனக்கு எதில் பெருமை என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறார் பாருங்கள், அதைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன்.

நடைமுறையில் இதற்கு அதிக நேரம் ஆகாது. முதலில் உங்களுக்கு மட்டுமான ஒரு பெரிய கோப்பு தயார் செய்யுங்கள். ஆறு ஆண்டில் செய்த எல்லாவற்றையும், சின்னது பெரியது பார்க்காமல், மேலே சொன்ன மாதிரி வரிகளாக எழுதி வையுங்கள். அது ஐந்து பக்கம் போகட்டும், யாரும் பார்க்கப் போவதில்லை. பிறகு ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும், அதில் எது முதலில் வருகிறது, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கோடிடுங்கள். அந்த வேலைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் பெரிய கோப்பிலிருந்து எடுத்து, விளம்பரத்தின் வரிசையிலேயே அடுக்குங்கள். சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் வேலையை அவர்கள் ‘அக்கவுண்ட்ஸ் பேயபிள்’ என்று குறிப்பிட்டிருந்தால், நீங்கள் ‘பில் பாஸிங்’ என்று எழுதியிருப்பதை அவர்கள் சொல்லுக்கு மாற்றுங்கள். ஒரே வேலைதான் என்றால் இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே ரெஸ்யூமேவும் போகட்டும். நான் இங்கே தமிழில் கொடுத்த வரிகளின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்ட எல்லாத் தகுதியும் இல்லையே என்று ஒதுங்கிவிடாதீர்கள். வேலையின் மையமான தகுதிகள் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

உறவினர் சொன்ன கம்ப்யூட்டர் விஷயம் பாதி உண்மை. பெரிய நிறுவனங்கள் பலவும் விண்ணப்பங்களைக் கையாள ஒரு மென்பொருள் வைத்திருக்கின்றன. ஏ.டி.எஸ். என்பார்கள். அது உங்கள் கோப்பிலிருந்து பெயர், நிறுவனம், தேதி, படிப்பு என்று பிரித்தெடுத்துப் பெட்டிகளில் போடும். ஆள் தேடுபவர் அதில் சொற்களைக் கொடுத்துத் தேடுவார். தானாகத் தள்ளிவிடுவது என்பது பெரும்பாலும், விண்ணப்பப் படிவத்தில் ஆம், இல்லை என்று கேட்கப்படும் கேள்விகளால் நடக்கும்: இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, இந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்பது போல. அந்தக் கேள்விகளை அவசரத்தில் கிளிக் செய்யாமல் நிதானமாகப் படித்துப் பதில் கொடுங்கள்.

மென்பொருளுக்கு ஏற்ற ரெஸ்யூமே என்று தனியாக ஒரு வித்தை கிடையாது. எளிமையாக இருந்தால் போதும். உங்கள் தோழி அனுப்பச் சொன்ன, பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாக (காலமாக) பிரித்த அந்த டிசைனைப் பார்த்தேன். இடது பக்கம் வண்ணப் பட்டை, அதில் திறன்களுக்கு நட்சத்திரங்கள். சில மென்பொருள்கள் இரண்டு பத்திகளையும் குறுக்கே சேர்த்து வாசித்துக் குழப்பிவிடும். படமாக வைத்த எழுத்து வாசிக்கவே படாது. பக்கத்தின் ‘ஹெடர்’ பகுதியில், அதாவது ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தானாக வரும்படி அமைக்கும் இடத்தில், வைத்த தொலைபேசி எண் சில சமயம் விட்டுப்போகும்; அதைச் சாதாரண முதல் வரியாகவே எழுதுங்கள். நட்சத்திரமோ, மனிதருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. எக்செல்லில் ஐந்துக்கு நான்கு என்றால் எதில் நான்கு? “பிவட் டேபிள், வி-லுக்கப், ஷரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் ஷீட்கள்” என்று தெரிந்த எக்செல் வசதிகளையே எழுதினால் மென்பொருளுக்கும் மனிதருக்கும் புரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, எழுத்து முழுவதையும் தேர்ந்தெடுத்து காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல், எழுத்து உடையாமல் வந்தால் மென்பொருளும் கிட்டத்தட்ட அப்படியே வாசிக்கும். ஒன்றும் தேர்வாகவில்லை என்றால் அது எழுத்தில்லை, வெறும் படம். விளம்பரத்தின் சொற்களை வெள்ளை எழுத்தில் ஒளித்துவைத்தால் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோப்பு வெறும் எழுத்தாக மாறும்போது அதுவும் சேர்ந்து வெளியே வரும், அதைப் பார்க்கும் மனிதருக்கு உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். டிசைனுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நெடுக்காகப் பிரிக்காத ஒரே பத்தி, படிக்க எளிதான ஒரே எழுத்துரு, 10 முதல் 12 வரை அளவு, நான்கு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம். இவ்வளவு போதும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, ஒரே மாதிரி மினுமினுக்கும் வாக்கியங்கள் கொண்ட ரெஸ்யூமேக்கள் குவிகின்றன. மொழிப் பிழை திருத்த, நீண்ட வரியைச் சுருக்க அந்தக் கருவிகள் உதவும். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவற்றுக்குத் தெரியாது, தெரியாததை இட்டு நிரப்பிவிடவும் செய்யும். முதல் வரைவு உங்களுடையதாக இருக்கட்டும். திரும்பி வந்ததை ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள்.

இப்போது அந்த மூன்று ஆண்டுகள். நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டதும் இதுதான், நான் உறுதியாகச் சொல்ல விரும்புவதும் இதுதான். மறைக்க வேண்டாம். மாதத்தை விட்டுவிட்டு வருடத்தை மட்டும் போடுவது, தேதிகளையே எடுத்துவிட்டுத் திறன்களை மட்டும் பட்டியலிடுவது என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆள் தேர்வு செய்பவர்களின் கண் முதலிலேயே தேதிகளுக்குப் போகிறது என்று மேலே சொன்னேனே, அங்கே தேதி இல்லை என்றால் அவர்கள் மனம் மோசமானதைத்தான் கற்பனை செய்யும். இடைவெளியைவிட, அதை மறைத்திருக்கிறார் என்ற எண்ணம் அதிகச் சேதம் செய்யும். வேலைக்காலத் தேதியை நீட்டி எழுதுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வேலை உறுதியான பிறகு முந்தைய நிறுவனத்திடம் சரிபார்ப்பார்கள், அவர்கள் முதலில் கேட்பது பதவியும் தேதியும்தான்.

வேலை அனுபவப் பகுதியிலேயே, காலவரிசைப்படி, ஒரு வரி போடுங்கள்: “2022 – 2025: குடும்பப் பராமரிப்புக்காகப் பணி இடைவெளி. தற்போது முழுநேரப் பணிக்குத் தயார்.” அவ்வளவுதான். யாருக்கு என்ன நோய், குழந்தைக்கு என்ன வயது என்பதெல்லாம் உங்கள் வீட்டு விஷயம், ரெஸ்யூமேவில் அதற்கு இடமில்லை. லிங்க்ட்இன் தளமே 2022இல் பணி இடைவெளியைத் தனியாகக் குறிப்பிட ஒரு வசதியைச் சேர்த்தது, இப்படி இடைவெளி விடுபவர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஏதாவது பயிற்சி முடித்திருந்தாலோ, தெரிந்தவர் கடைக்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தாலோ, சங்கம் ஒன்றின் வரவு செலவைப் பார்த்திருந்தாலோ அதைச் சேருங்கள், பணம் வாங்காமல் செய்ததானாலும் சரி. எதுவும் செய்யவில்லையா? அதற்காக எதையும் ஜோடிக்க வேண்டாம். ஒரு குழந்தையையும் நோயுற்ற தாயையும் பார்த்துக்கொண்டவருக்கு வேறு விளக்கம் எதுவும் தேவையில்லை. இப்போது முடிந்தால் ஒரு வேலை செய்யுங்கள்: நீங்கள் விலகிய பிறகு கணக்கு மென்பொருளிலும் வரி விதிகளிலும் என்ன மாறியிருக்கிறது என்று படித்துவிடுங்கள், ஒரு குறுகிய பயிற்சியாவது முடியுங்கள். இன்டர்வியூவில் இடைவெளியைப் பற்றிக் கேட்டால், ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் இந்தப் பயிற்சிக்குப் போய்விடலாம். குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி வரக்கூடாது.

கவரிங் லெட்டர் பற்றி ஒரு வார்த்தை. நீளமாக வேண்டாம், மின்னஞ்சலிலேயே ஏழெட்டு வரி போதும். இந்த வேலைக்கு ஏன், உங்கள் அனுபவத்தில் அவர்களுக்கு மிகவும் பயன்படும் ஒன்று, இடைவெளி பற்றி ஒரு வாக்கியம். ரெஸ்யூமேவை அப்படியே திரும்ப எழுத வேண்டாம்.

சம்பள எதிர்பார்ப்பு, பழைய வேலையை விட்ட காரணம் இரண்டும் ரெஸ்யூமேவில் வேண்டாம். பரிந்துரைப்பவர்கள் பெயரும் எண்ணும் கேட்டால் கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் இப்போதே பழைய மேலாளருக்கு ஒரு போன் செய்து சம்மதம் வாங்கி வையுங்கள். மாதக் கணக்கு ஆறு நாளானதை அவரும் நினைவில் வைத்திருப்பார். அந்தப் பேச்சிலேயே, நீங்கள் மறந்துபோன இன்னும் இரண்டு வரிகள் கிடைக்க வாய்ப்பு உண்டு. மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும், இப்போதுள்ள செல்லப்பெயர் முகவரி வேண்டாம். கோப்பின் பெயரையும் ‘நியூ ரெஸ்யூமே ஃபைனல் 3’ என்று விடாமல் உங்கள் பெயரும் பதவியுமாக மாற்றுங்கள். பிறகு, உங்கள் துறையே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, “நான் என்ன வேலை பார்த்தேன், அதில் எதை நன்றாகச் செய்தேன்?” என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் வரிகள் இன்னும் தெளிவாக வேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே அனுப்பிய இடங்களுக்கு மறுபடி அனுப்பலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்பலாம். அதே விளம்பரம் இன்னும் திறந்திருந்தால், அவர்களுடைய தளத்தில் உங்கள் கணக்கில் போய்ப் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். பல தளங்கள் அதற்கு இடம் தரும். இல்லையென்றால் அதே நிறுவனத்தின் அடுத்த விளம்பரத்துக்குக் காத்திருங்கள். முதலில் அறுபதிலிருந்து உங்களுக்கு நிஜமாகவே பிடித்த ஐந்து நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். முதல் கோப்பு தயாரானதும் எனக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.